உச்சிவேளையில் என் பெயர்

எங்கள் வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவக் குடும்பம். காலையும் மாலையும் ஜெபம், ஞாயிறு தவறாமல் கோவில். ஆனாலும் வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரத்துக்குத்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். முதல் இரண்டு தரம் கூப்பிடுவது எதுவாகவும் இருக்கலாமாம். மூன்றாவது தரம் கூப்பிடும் திராணி மனுஷருக்கு மட்டும்தானாம். பிசாசுக்கு எண்ணத் தெரியாதா என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி கொரட்டூருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கூரியர்காரர்கள் என்னைத் திட்டாத நாளில்லை.

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். கணவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. கீழே வீட்டுக்கார அக்காவும் அவருடைய மகனும் இருக்கிறார்கள். அக்காவின் குடும்பம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது. மகன் பள்ளி வேன் ஓட்டுகிறான். நான் டெங்குவில் கிடந்தபோது முட்டி வலியோடு மாடியேறி வந்து கஞ்சி கொடுத்தது அக்காதான். என் கூடப்பிறந்தவள் போனில் அழுததோடு சரி.

போன மழைக்காலம் முடிந்த சமயம். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அக்காவின் மகன் உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்தேன். அப்போது பகல் பதினொரு மணி இருக்கும். மூன்று மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வேனை எடுத்துப் போனான். மாலையில் பிள்ளைகளை வாசல் வாசலாக இறக்கிவிட்டான். என்றோ ஒரு நாள்தானே என்று விட்டேன். மறுநாளும் அதே இடத்தில் இருந்தான். “இன்னாக்கா, துணி நல்லா காயுதா?” என்று சிரித்தான்.

அந்த வேனில் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் கோவிலில் நான் எடுக்கும் ஞாயிறு வகுப்புக்கும் வருகிறவர்கள். அவர்களை நினைத்தால் உடனே கீழே போய்ச் சொல்லிவிடத் தோன்றியது. அக்கா கொடுத்த கஞ்சியை நினைத்தால் பாதிப் படியிலேயே திரும்பிவிடுவேன். குடியிருக்க வந்தவள் வீட்டுக்காரர் மகனைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஞாயிறு வகுப்புக்குப் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தேன். வேதத்தில் வரும், கோவிலில் வளர்ந்த ஒரு சிறுவனின் கதை. படுத்திருக்கும்போது யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கண் மங்கிய கிழ ஆசாரியர்தான் கூப்பிட்டார் என்று நினைத்து அவரிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் அவர். மூன்று முறை ஓடிய பிறகுதான், கூப்பிடுவது கடவுள் என்று பெரியவருக்குப் புரிகிறது. பிள்ளைகளுக்கு இந்த இடத்தோடு நிறுத்திவிடுவோம். படத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்லி, கையில் மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

உச்சிவேளை. கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்றதும் தெருச் சத்தமும் சேர்ந்தே நின்றுவிட்டது. ஏரிப் பக்கமிருந்து ஒரு பறவைகூடக் கத்தவில்லை. அப்போது என்னை யாரோ கூப்பிட்டார்கள்.

பழக்கதோஷத்தில் பேசாமல் இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டது. சத்தமாக அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடும் தணிவில். ஆண் குரலா, பெண் குரலா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது தரம் கூப்பிட்டபோதுதான் உறைத்தது. அது என் பள்ளிக்கூடப் பெயர் இல்லை. அம்மா வீட்டுக்குள் என்னைக் கூப்பிட்ட பெயர். அம்மா போன பிறகு அதைச் சொல்ல ஆளில்லை. கேலி செய்வாரே என்று கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

வேறு எங்கே போவது என்று தெரியாமல் கீழே இறங்கினேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உள்ளறையில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“கூப்ட்டீங்களாக்கா?”

“நான் கூப்டலியே. எங்கேந்து கேட்டுது?”

சொன்னேன். அக்கா நிமிராமல், “உச்சி வேளையில கூப்ட்டா வாயத் தொறக்காத. மூணு வாட்டி கூப்ட்டாலும் தொறக்காத. ஏரியாண்ட கீற ஊடு இது. போய்த் தலமாட்ல வெளக்கமாறு வச்சுகினு படு” என்றார்.

ஞாயிறு வகுப்பு டீச்சருக்கு விளக்குமாறா என்று மனதுக்குள் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. மாடிப்படியில் படுத்திருந்த தெருநாய் எழுந்து சுவரோரம் ஒதுங்கியது. எனக்குத்தான் வழிவிடுகிறது என்று நினைத்துத் தாண்டிப் போனேன். திரும்பிப் பார்த்தால் அது இன்னும் ஒதுங்கியே நின்றது. எனக்குப் பின்னால் வேறு யாரோ ஏறி வருவதுபோல அதன் தலை மெல்ல உயர்ந்தது.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் மீண்டும் அதே பெயர். இந்தத் தரம் அறைக்கு உள்ளேயே கேட்டது. “என்ன?” என்று வாய்விட்டுக் கேட்டேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. பதில் எதுவும் வரவில்லை. மேஜையில் வேதம் திறந்தபடி கிடந்தது. பயத்துக்குத் துணையாக, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

நாங்கள் பாடத்தை நிறுத்தும் இடத்துக்குப் பிறகுதான் கதையே இருக்கிறது. கடவுள் அந்தச் சிறுவனிடம் சொன்னது இனிப்பான செய்தி இல்லை. ஆசாரியரின் மகன்கள் செய்யும் அக்கிரமமும், தெரிந்தும் தகப்பன் அவர்களை அடக்காததும், அதனால் அந்த வீட்டுக்கு வரப்போகும் கேடும்தான் அவன் கேட்டது. விடியும்வரை படுத்துக் கிடக்கிறான். தன்னை வளர்த்த பெரியவரிடம் அதைச் சொல்லப் பயப்படுகிறான்.

புத்தகத்தை மூடினேன். வருடா வருடம் இதை நடத்துகிறேன், ஒரு தடவைகூட இது என் மனதில் தைத்ததில்லை.

மறுபடியும் இறங்கிப் போனபோது, “திரும்பியும் கூப்ட்டுதா?” என்றார் அக்கா.

“ஆமாக்கா. என்னன்னு தெரிஞ்சு போச்சு. உங்ககிட்டதான் சொல்லணும்.”

உள்ளறையைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிக்குப் பின்னால் பார்த்தது, மறுநாளும் பார்த்தது, நேற்று பார்த்தது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அக்காவின் கை கீரைக் காம்பிலேயே நின்றுவிட்டது. அடித்து விரட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அக்கா கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தார். “என்னையும்தான் கூப்ட்டுது. ஏரிக்கரைல பொங்க வைக்கிற எடத்துல நின்னுகினு இருந்தா பின்னாலேந்து கூப்புடுது. எங்கப்பா கூப்புட்றா மாதிரியே. பேய்னு நெனச்சிகினு வாயத் தொறக்காம இருந்துட்டேன். அவன் வாய்ல நாத்தம் அடிக்கறது பெத்தவளுக்குத் தெரியாதாம்மா?”

தன் போனை எடுத்து என் கையில் வைத்தார். “இதுல எல்லார் நம்பரும் கீது. ஊட்டுக்கு ஊடு போன் போடு. இன்னிக்கு வேன் வராது, பிள்ளைங்கள நீங்களே இட்டுகினு போங்கனு சொல்லு. இன்னாத்துக்குனு கேட்டா நெசத்த சொல்லு.”

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சிலர் திட்டினார்கள். ஒரு தாய், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு அவன் முகம் கழுவி, தலை வாரி, ஏலக்காயை மென்றுகொண்டு வெளியே வந்தான். அக்கா வேனின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஏறினாரோ தெரியவில்லை. சாவி அவர் மடியில் இருந்தது. நான் மாடிப்படிக்குக் கீழே நின்றேன்.

“இன்னாம்மா வெளையாட்டு, எறங்கு. டைம் ஆவுது” என்றான்.

“கிட்ட வா.”

வந்தான். அக்கா குனிந்து தன் முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

“ஊது.”

அவன் சிரித்தான். என்னைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான்.

“என் மூஞ்சில ஊதுடா. ஒரே ஒரு வாட்டி. ஊதிட்டு சாவிய எடுத்துகினு போ.”

அவன் சிரிப்பு நின்றது. உதடுகளை இறுக மூடிக்கொண்டு, மூச்சுகூட விடாமல் தாயின் முன்னால் நின்றான்.