தண்ணீர் கேட்காதவர்கள்

டாக்டர் முதன்முதலாக என் கையில் கொடுத்தது ஒரு படிவம். முரட்டுத் தாள், சைக்ளோஸ்டைல் மை லேசாகக் கலங்கியிருந்தது. காரணமில்லாமல் மனம் பதைக்கிறதா, மார்பு அடித்துக்கொள்கிறதா, உள்ளங்கை வியர்க்கிறதா, பாதி வழியில் எதையோ மறந்துவிட்டோம் என்று வீட்டுக்குத் திரும்பிப் போகிறீர்களா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே வங்காளத்தில் ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே சிறிய கட்டங்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. யாரோ என்னைப் பற்றி இவரிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேலை கேட்டு வந்தவளிடம் இப்படியா ஒரு தாளை நீட்டுவார்கள்? என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார்: "உனக்கில்லைம்மா. வர பேஷண்டுக்கு. நீ கேட்டு எழுதணும், அவ்வளவுதான்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பவானிபூரில் அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கியிருந்தார். காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, மூன்று மணிக்கு மேல் இங்கே. தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அது. என் அப்பா ரயில்வே பட்டறைக்காரர். யார் மூலமோ சொல்லிவைத்து என்னை அனுப்பியிருந்தார். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஒன்பதாவது வகுப்பின் முதல் பரீட்சையன்று, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்க்க மூன்று முறை வீட்டுக்குத் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை வந்தபோது பரீட்சை முடிந்துவிட்டது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. எட்டாவது என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அதில் ஏக சந்தோஷம். "ரொம்ப நல்லது. நிறைய படிச்சவா யோசிப்பா. யோசிக்கறவா இந்த மேஜைக்கு வேண்டாம்."

பதற்ற நோயையும் அதற்கான மருந்துகளையும் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ந்தவர், பக்கத்தில் இருப்பவர்களைப் பதற வைப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. மூன்று மணிக்கு வரச் சொன்னவர்களை நாலரை வரை உட்கார வைப்பார். காத்திருந்தாலே மூச்சு முட்டுகிறவர்கள்! மின்வெட்டில் விசிறி நின்றுபோன அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இன்னும் பயந்துகொண்டிருப்பார்கள். இவர் ஆடி அசைந்து வந்து, ஒரு குடையை எங்கேயோ தொலைத்துவிட்டு, "டென்ஷன் வேண்டாம், டென்ஷன் வேண்டாம்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போவார். எனக்கும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். சொன்னால் நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால் இவருக்கு ஆராய்ச்சி எதற்கு?

ஆராய்ச்சி இதுதான். மருந்துக் கம்பெனியிலிருந்து எண் போட்ட பழுப்புக் குப்பிகள் வரும். சிலவற்றில் மெய்யான மருந்து, சிலவற்றில் அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. எந்த எண்ணில் எது என்று நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒட்டிய உறையில் எழுதி அவருடைய அலமாரியில் பூட்டியிருந்தது. மருந்து வாங்கியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினால் மருந்து மெய், இல்லையென்றால் பொய். படிவத்தில் உள்ளதைக் கேட்க வேண்டும், எழுத வேண்டும், அடுத்த குப்பியைக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. "இந்த ஒரு வேலைக்காக நாலு வருஷம் அலைஞ்சிருக்கேன். கெடுத்துடாதே" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அவர் மறந்துபோனது என் மேஜைக்குப் பக்கத்திலிருந்த மண்கூஜாவை. இரண்டாவது வாரத்திலிருந்து சிலர் உள்ளே நுழையும்போதே தண்ணீர் கேட்டார்கள். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றார்கள். அவர்களேதான் அடுத்தடுத்த வாரங்களில் தூங்கினோம், சாப்பிட்டோம் என்றும் சொன்னார்கள். இன்னும் சிலர் ஒரு நாளும் தண்ணீர் கேட்கவில்லை. அவர்கள் அப்படியே இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா? நாலாவது வாரத்தில் எந்தெந்தக் குப்பியில் மாவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் போனது. நம்பிக்கையோடு வந்து மாவை வாங்கி, பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவர்களை எப்படிப் பேசாமல் அனுப்புவது? முதலில் ஒரு வார்த்தை கேட்டேன். பிறகு மண்குவளையில் தேநீர் வரவழைத்தேன். பிறகு அரை மணி நேரம். நாளைக்கும் வந்து எப்படியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். வந்தார்கள். தண்ணீர் கேட்டவர்களுக்குத் தண்ணீர் மட்டும்தான்.

தண்ணீர் கேட்காதவர்களில் ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். எல்லாரும் அவரைத் திதிமணி என்றே கூப்பிடுவார்கள். அங்கே டீச்சரை அப்படித்தான் அழைப்பது. வீடு எங்கள் தெருவுக்குப் பக்கம், பள்ளிக்கூடம் ஜாதவ்பூரில். பஸ்ஸில் ஒரு நாள் மூச்சு நின்றுவிடும்போல் ஆனதிலிருந்து அவரால் பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. மாதக்கணக்காக லீவு. பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டு, "இந்த மாத்திரை அதுக்குள்ள வேலை செய்யுமில்ல?" என்று வங்காளத்தில் கேட்டார். நான் என்ன சொல்ல? நாளைக்குக் காலையில் நானும் உங்களோடு பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அடித்துக்கொண்டேன் பிறகு. எனக்கே பஸ் ஆகாது.

மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம். பஸ் பலகைகளின் மேல் ஏறி, பள்ளத்தின் பக்கம் சாய்ந்தபடி ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே குழி, உள்ளே மனிதர்களின் முதுகு. திதிமணிக்குத் தைரியம் சொல்லப் போனவள் நான், இரண்டாவது நிறுத்தத்துக்குள் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். கிளம்பும்போது அடுப்பை அணைத்தேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா, பலகை தாங்குமா, ஒன்றும் நிச்சயமில்லை. அப்போது என் கையை யாரோ இறுகப் பிடித்தார்கள். "பய் பேயோ நா, பயப்படாதே, இதோ நான் இருக்கேன்" என்றார் திதிமணி. பிறகு வகுப்பறைக் குரலில் நடத்துநரைப் பார்த்து, "மெதுவா ஓட்டச் சொல்லு! இங்கே ஒரு பொண்ணுக்கு உயிர் போறது தெரியலையா?" என்று கத்தினார். ஆசனத்தில் இருந்த ஒருவரை, "தாதா, அண்ணா, கொஞ்சம் எழுந்திருங்க, உங்களுக்கும் பெண் குழந்தை இருக்கும்" என்று கிளப்பி என்னை உட்கார வைத்தார். ஜாதவ்பூர் வந்து இறங்கிய பிறகுதான் தான் பஸ்ஸில் வந்திருப்பதே அவருக்கு உறைத்தது. தெருவில் நின்று சிரித்தார். நான் தனியாக அதே பஸ்ஸில் திரும்பி வர வேண்டியிருந்ததே, அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? இப்படி ஒன்பது நாள். பள்ளி திறந்த அன்று திதிமணி தனியாகப் போனார்.

காளி பூஜைக்குப் பிறகு டாக்டர் உறையைப் பிரித்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்கு. மாவு சாப்பிட்டவாளும் அதே அளவு தேறியிருக்கா. இந்த மருந்தால பிரயோஜனமில்லைன்னு கம்பெனிக்கு எழுதிட்டேன். இந்தக் கடுதாசியைத் தபால்ல சேர்த்துடு."

கடிதத்தை வாங்கிக்கொண்டேன். வாசல் வரை போனேன். பிரயோஜனமில்லையா? பத்து வருஷத்தில் முதல் தடவையாக விடிய விடியத் தூங்கினேன் என்று அழுத மனிதரை, தண்ணீர் கேட்டவர்களில் ஒருவரை, நான் பார்த்திருக்கிறேன். அவரைப் போன்றவர்களுக்கு இனி இந்த மாத்திரை கிடைக்காமல் போனால் அது என்னால்தான். சொல்லாவிட்டால் அந்தப் பாவம், சொன்னால் வேலை போகும். திரும்பி வந்தேன்.

"சார், யாருக்கு மருந்து, யாருக்கு மாவுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"அலமாரியைத் திறந்தியா?"

"ஐயோ, நான் ஏன் சார் அதைத் தொடறேன்? தண்ணி கேக்கறவங்களுக்கு மருந்து. கேக்காதவங்களுக்கு மாவு."

ஒரு பென்சிலைக் கையில் கொடுத்துப் பெயர்ப் பட்டியலில் குறிக்கச் சொன்னார். குறித்தேன். ஒருவர் மட்டும் தவறு. அவர் ஓயாமல் ஜர்தா பான், புகையிலை வெற்றிலை, போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்கிறவர். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாவு வாங்கினவாளை என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை சார். அவங்களுக்காகக் கவலைப்பட்டேன்."

தேநீர், அரை மணி நேரப் பேச்சு, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். திதிமணி என் கையைப் பிடித்துக்கொண்ட இடம் வந்தபோது எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார்.

"எட்டாங்கிளாஸ்னு சொன்னியேம்மா!" என்று கத்தினார். என் ஆயுளில் அவ்வளவு நொந்துபோன குரலை நான் கேட்டதில்லை.

வேலை போகவில்லை. அதுவே எனக்கு எரிச்சல். இன்று போகும் நாளை போகும் என்று பயந்தே பல வருஷம் போயிற்று. கடிதத்தைக் கிழித்தார், தாள்களைக் கட்டிப் பரணில் போட்டார், கம்பெனிக்காரர்கள் காலில் விழாத குறையாகப் புதுக் குப்பிகள் வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். இம்முறை மருந்து வென்றது. இப்போது அது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. வயதான காலத்தில் எனக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடுகிறேன், தண்ணீரும் குடிக்கிறேன். டாக்டர் இன்று இல்லை. அவர் எழுதிய கட்டுரையை என் மகன் எனக்குப் படித்துச் சொன்னான். மாத்திரை வழங்குபவர் நோயாளியோடு பழக இடம் தரக் கூடாது என்று அதில் ஒரு வரி வருகிறது. அத்தனை வருஷ உழைப்பில் நான் இருப்பது அந்த ஒரு வரியில்தான். பெயர்கூட இல்லை.

அந்த இரண்டாம் ஆராய்ச்சிக்காக என் மேஜைக்கு முன்னால் ஒரு மரத் தடுப்பு வைத்தார். டிக்கெட் கவுண்டர்போல ஒரு சின்னத் துவாரம். குப்பியைத் தள்ளுவதற்கு மட்டும். மண்கூஜா மாடிக்குப் போய்விட்டது. கேள்விகளை அவரே கேட்டுக்கொண்டார். முதல் நாள் ஒரு வயதான அம்மாள் வந்தார். துவாரத்தின் வழியே அவருடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. நான் குப்பியைத் தள்ளினேன். அவர் போனதும் டாக்டர் உள்ளேயிருந்து விரைந்து வந்தார்.

"பேசினியா?"

"இல்லை சார்."

"டீ கீ குடுத்தியா?"

"இதுக்குள்ள எப்படி சார் குவளை நுழையும்?"

"அப்புறம் ஏன் அந்த அம்மா சிரிச்சுண்டே போறா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்குத்தான் முகமே தெரியலையே."

அவர் தெருப்பக்கம் ஒரு முறை பார்த்தார், தடுப்பை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு பழைய செய்தித்தாளை மடித்து, அந்தத் துவாரத்திலும் பாதியை அடைக்கத் தொடங்கினார்.