முதல் விதை யார் கையால்

மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போடலாம் என்று ஆரம்பித்தது நான்தான். மாசி பிறந்து பனி விட்டிருந்தது. வெயில் இன்னும் சுள்ளென்று ஏறவில்லை. அதற்கு முந்தைய மார்கழியில் எங்கள் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோய்ப் பிறந்தது. பெண் குழந்தை. அதற்கப்புறம் என் மனைவி சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவளாக ஒரு வார்த்தை பேசவில்லை. கணபதிப் பகுதியில் பம்புசெட் மோட்டார் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். இதற்கு என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை. மண்ணில் கை வைத்தால் மனசு ஆறும் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொன்னார். வேறு போக்கிடம் இல்லாததால் அவரை நம்பினேன்.

அவளைக் கேட்கவில்லை. நேராக நர்சரிக்குப் போய்ச் செடி வளர்க்கும் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், மண்புழு உரம், விதைப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் வாங்கி வந்து மாடியில் இறக்கினேன். ஒரு நார்க்கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது உப்பி, பொங்கி, வாளியை விட்டு வெளியே வழிய ஆரம்பித்தது. துணி காயப்போட வந்த அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, அது இட்லி மாவாட்டம் பொங்குமுங்க. அண்டாவுல போடோணும். நீங்க தள்ளுங்க."

இரண்டு மாதத்தில் அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தள்ளி நின்றேன். அவள் கொடுமுடிப் பக்கத்துப் பெண், காவிரித் தண்ணீரில் விளைந்த தோட்டத்தில் வளர்ந்தவள். நார்க்கழிவின் செந்நிறச் சாயம் போகும்வரை மூன்று தடவை அலசிப் பிழிந்தாள். அதுவும் சிறுவாணித் தண்ணீரில். எங்கள் தெருவுக்கு அந்தத் தண்ணீர் நாள் கணக்கில் காத்திருந்தால்தான் வரும்.

"குடிக்கற தண்ணிய இதுல ஊத்திப்போட்டயே அம்மணி" என்றேன்.

"போர்த் தண்ணி உப்புங்க, வெத மொளைக்காது. நீங்க வேணா ரெண்டு நாளைக்கு உப்புத் தண்ணியக் குடிங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரைக் குடித்திருப்பேன்.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் மனுஷக் குரல் கேட்டது. எந்தப் பையில் வெண்டை, எதில் கொத்தவரை, பந்தல் கட்டினால் சுரையும் பீர்க்கனும் ஏறுமா என்று அவளே பேசினாள், அவளே முடிவு செய்தாள். கோனியம்மன் தேர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை விதை போடுவதென்று ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலமே சுரை விதைகளை ஊறவைத்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் நான் என் அம்மாவுக்குப் போன் செய்து இந்தச் சங்கதியைச் சொன்னேன். அம்மா ஈரோட்டுப் பக்கம் ஊரில் இருக்கிறார்.

"ரொம்பச் சந்தோசம் கண்ணு. மொத வெதைய மட்டும் நல்ல கைராசிக்காரங்களக் கூப்புட்டுப் போடச் சொல்லு. ரெண்டு மூணு பெத்து வளத்த கையாப் பாரு."

எங்கள் பக்கம் இது சாதாரணப் பேச்சு. மஞ்சள் நடுவதானாலும் நாற்றங்கால் விடுவதானாலும் முதல் விதை போட ராசியான கை ஒன்றைத் தேடுவார்கள். பிள்ளை பெற்ற கை என்றால் இன்னும் விசேஷம். நான் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். தலையாட்டுவது போனில் தெரியாது என்பதால் "சரிங்ம்மா" என்றும் சொல்லிவைத்தேன். அடுத்த வீட்டு அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். அவர் வைத்த கறிவேப்பிலை மாடிக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. நேரே போய் அழைத்து வந்துவிட்டேன்.

நாங்கள் மாடி ஏறியபோது என் மனைவி சுரைப் பையின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். மண்ணில் விரலால் குழி எடுத்தாகிவிட்டது. ஊறிய விதை ஒன்று அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது.

"கொஞ்சம் இரு. அக்கா மொத வெதையப் போடட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதற்குக் கூப்பிட்டேன் என்பது அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது.

"ஏனுங் தம்பி, அம்மணிதான் குழியெல்லாம் எடுத்து வெச்சிருக்குது. அதுவே போடட்டுமுங்க. நா சும்மா பாக்கறேன்" என்றார்.

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இல்லீங்க்கா, உங்க கைதான் ராசி. நீங்க போட்டாத்தான் நல்லா வரும்" என்றேன்.

என் மனைவி எழுந்தாள். விதையை மறுபடி தட்டில் வைத்து, தட்டை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு, காபி போட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போனாள். நல்ல காபிதான் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

எல்லா விதையும் முளைத்தது. "பாத்தியா, நாஞ் சொன்னன்ல" என்று அம்மா போனில் பூரித்துப்போனார். என் மனைவி காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விட்டாள். பேச்சு மட்டும் மறுபடி நின்றுபோனது. அது ஆற நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் செடிகளைத் தொடுவதே இல்லை என்பது எனக்குச் சித்திரையில்தான் உறைத்தது. ஹோஸ் குழாயைத் தூரத்தில் நின்று பிடிப்பாள். களை பிடுங்கமாட்டாள். பந்தலில் கொடி ஏற்றிவிடமாட்டாள். நடக்கும் வழியில் ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தால் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போவாள்.

அப்போது சுரை பூத்துக்கொண்டிருந்தது. பெண் பூவின் அடியில் விரல் நுனி அளவு பிஞ்சு இருக்கும். மாடியில் பூச்சி நடமாட்டம் இல்லாததால் எல்லாப் பிஞ்சும் வெம்பி விழுந்தன. ஆண் பூவைப் பறித்து நாமே பெண் பூவில் தொட்டு வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். சுரைப்பூ சாயங்காலத்தில்தான் விரியும். ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் ஆண் பூ ஒன்றைப் பறித்து, தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவளிடம் நீட்டினேன்.

"நீ தொட்டு வெய்யி. என் வெரல் முரடு, பூ ஒடிஞ்சுரும்."

அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. நல்லா வந்துட்டிருக்குது. எங் கை பட்டு ஏதாச்சும் ஆயிறப் போவுது."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே செடிக்காகப் பயந்து சொன்னாள். விதை போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நான் அப்படி நெனச்சு அவங்களக் கூப்புடல, கண்ணு" என்றேன்.

"தெரியுமுங்க. நீங்க எதையும் நெனைக்கலீங்க. பெரியவங்க சொன்னாங்க, செஞ்சீங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானுங்க."

அது உண்மை. குழந்தையைத் தாய்க்குக் காட்டட்டுமா என்று நர்ஸ் கேட்டார். வேண்டாம், பார்த்தால் மறக்கமாட்டாள் என்று என் அம்மா சொன்னார். நான் தலையாட்டினேன். அவள் மயக்கம் முழுதாகத் தெளியும் முன்பே, வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை வாங்கிக்கொண்டு நானும் என் பெரியப்பாவும் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். அங்கே எங்கள் நிலத்தில் புதைக்கும்வரை என் கையில்தான் இருந்தது. அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தாள். நாலு மாதத்தில் அவ்வளவு கிட்டே வந்து நின்றதில்லை.

"நா ஒண்ணு கேக்கோணுமுங்க. கேட்டா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு கேக்காம இருந்தேன். அவ மூஞ்சி எப்படீங்க இருந்துச்சு?"

உன்னை மாதிரியே இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் ஆசையாகக் காத்துக்கொண்டிருந்தாள். ஆயுசுக்கும் அந்தப் பொய்யை வைத்துப் பிழைத்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு அது வரவில்லை.

"நான் பாக்கல, கண்ணு. துணியத் தொறக்காத, பாத்தா மனசு உட்டுப் போயிரும்னு பெரியப்பா சொன்னாரு. நான் தொறக்கல."

அவள் அழவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் மாடி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

"என்னையப் பாக்க உடலீன்னு எனக்குக் கோவமில்லீங்க" என்றாள். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் அவளப் பாத்திருக்கோம்னு நெனச்சுட்டுத்தானுங்க இத்தன நாளா இருந்தேன்."