பூனைக்காக ஒரு சாட்சி

சிலர் கோபத்தை ஆற்றிக்கொள்வார்கள். நான் பத்திரப்படுத்தி வைப்பவள். ஷார்ஜாவிலிருந்து பேரீச்சம்பழத்தோடும் தைலக்குப்பிகளோடும் ஒருவன்மேல் வஞ்சத்தையும் சேர்த்துத்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். பழம் தீர்ந்தது, தைலம் தீர்ந்தது. மற்றது அப்படியே இருந்தது.

மகளின் பேறுகாலத்துக்காகத்தான் அங்கே போனேன். அவள் குடியிருந்த கட்டிடத்தில் மாடிப்படிக்கு அடியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று மூன்று குட்டிகளோடு கிடந்தது. ஒரு காதில் பாதி இல்லை. வெளியே கால் வைக்க முடியாத வெயில். வாயும் வயிறுமாக மகள் மேலே, பிள்ளைகளோடு இது கீழே. இரண்டு பேருக்கும் சேர்த்தே சமைத்தேன். மீன் வாங்கினால் தலையும் வாலும் இதற்கு. முதலில் என்னைக் கண்டால் சீறும். பிறகு என் காலடி கேட்டாலே வந்து சேலையில் முதுகைத் தேய்க்கும். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் அந்தக் கட்டிடத்தில் எனக்கென்று காத்திருந்த ஒரே ஆள் அதுதான்.

கீழ்வீட்டுக்காரன் நம் ஊர்ப்பக்கத்துக் குன்னத்துகால்காரன். எங்களைப் போலவே பழைய மிஷன் சபைக் குடும்பம். அவன் மனைவி நர்ஸ். அந்த ஊரில் நம் பேச்சு காதில் விழுந்ததுமே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. மகளுக்கு வலி எடுத்தபோது அவன்தான் தன் புதுக்காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இறங்கும்போது அவனிடம் சொன்னேன்.

"மக்கா, நான் இவகூட நிக்கணும். படிக்கு அடியில கெடக்கிய அந்தப் பூச்சைக்கு வேளைக்கு வல்லதும் திங்கக் கொடுக்கணும், கேட்டியா?"

"மாமி ஒண்ணும் பேடிக்காண்டாம். நான் உண்டு."

பேரனைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது படிக்கு அடியில் குட்டிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. தாயைக் காணோம். அவனிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"காருக்க மேல ஏறிக் கெடந்து பெயின்ட்டெல்லாம் நகத்தால மாந்தி வச்சிருக்கு மாமி. தூரமா மணல்காட்டுல கொண்டு விட்டாச்சு."

"எந்த எடம்? இப்பமே என்னைக் கொண்டு போ."

"ஓர்மை இல்ல. பூச்சையாக்கும் மாமி, மனுசனா?"

அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நான் கொஞ்ச நாளில் விமானம் ஏறிவிடுவேன். மகள் அங்கேயே இருக்க வேண்டியவள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவன் காரைத்தான் கூப்பிட வேண்டும். வாயை மூடிக்கொண்டு படியேறினேன். அவன் செய்ததைவிட அந்தப் படியேறல்தான் என்னை அதிகம் எரித்தது.

கடையில் பால்மாவு வாங்கிக் கரைத்து மருந்துக் குழாயால் குட்டிகளுக்குப் புகட்டினேன். இரண்டு பிழைத்தன. மூன்றாவது தங்கவில்லை. என் கைக்குள்ளேயே அடங்கிவிட்டது. உள்ளறையில் மகள் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அயலானுக்காக ஜெபிக்கச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அன்று ஜெபித்தேன். அவன் நன்றாக இருக்கக்கூடாது என்று.

ஆனால் நன்றாகத்தான் இருந்தான். மறு விடுமுறையில் குன்னத்துகாலில் இரண்டு மாடி வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபத்துக்கு என்னையும் அழைத்தான். இருப்பதில் நல்ல பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டு ஜெபங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும், "சாட்சி சொல்ல யாராவது உண்டா?" என்று போதகர் கேட்பார். தேவன் செய்த நன்மையைச் சொல்ல யாரும் எழுந்திருக்கலாம். எழுந்தவரை உட்காரச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் கூட்டம் "ஸ்தோத்திரம்" சொல்லும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். எழுந்தேன்.

"எனக்க மகளுக்கு நோவு எடுத்தப்போ கார் ஓட்டிக் கொண்டு போன இந்தத் தம்பிக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது கூட்டம். அவன் தலை குனிந்து பணிவாகச் சிரித்தான்.

"நான் ஆஸ்பத்திரியில நின்னப்போ, தம்பி கையில நான் ஏல்பிச்சிட்டுப் போன பூச்சையைப் பாத்துக்கிடுவேன்னு வாக்கு தந்ததுக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்."

"அதே கார்ல, பாலு குடிக்கிய குட்டிகளை விட்டுப் பிரிச்சு, அந்தத் தாயை மணல்காட்டுல கொண்டு எறக்கி விட்டதுக்காகவும் ஸ்தோத்திரம்."

பழக்கதோஷத்தில் பாதிக் கூட்டம் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. போதகர் வேதப்புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. செத்த குட்டிக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை.

அவன் மனைவி மட்டும் அவன் பக்கம் திரும்பினாள். சின்னக் குரல்தான், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"அதுக்கு சீக்கு, டாக்டருகிட்ட கொண்டு போனேண்ணுல்லா எனக்கிட்ட சொன்னிய?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேட்காமலே கிடைத்த பங்கு. அவன் புதுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்தியில் பிரியாணி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். அவ்வளவு ருசி.

இப்போது ஷார்ஜாவில் அந்த இரண்டு குட்டிகளும் வளர்ந்து அதே படிக்கு அடியில்தான் இருக்கின்றன. தினமும் அவன்தான் தீனி வைக்க வேண்டும், அது அவன் மனைவியின் உத்தரவு. காலையில் அவள் எனக்குப் போட்டோ அனுப்புகிறாள். தட்டு, இரண்டு பூனைகள், அவன் கை.

"போதும்மா, இனி அவங்கள விடுங்க" என்கிறாள் மகள்.

ஒவ்வொரு போட்டோவையும் விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்க்கிறேன். பாதிக் காதோடு மூன்றாவதாக ஒன்று எதிலும் இல்லை. பார்த்து முடித்ததும் பதில் அனுப்புகிறேன்.

"ஸ்தோத்திரம்."