சிறுவர் பஞ்சாயத்து கேட்ட பாலம்

அலங்காநல்லூரைச் சுற்றியுள்ள ஆறு ஊர்களில் சிறுவர் பஞ்சாயத்து நடத்துவது என் வேலையாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நசுங்கி ஏறி, இறங்கிக் கரும்புக் காட்டு வழியே நடந்து, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை உட்கார வைத்து, உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர்களும் சளைக்காமல் சொல்வார்கள். தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். எழுதிக்கொண்டு வருவேன். அதில் எதுவும் நடக்காது. அடுத்த மாதமும் போய் அதே கேள்வியைக் கேட்பேன். பிள்ளைகள் சலித்துக்கொண்டதே இல்லை. சலிப்பெல்லாம் எனக்குத்தான்.

ஓர் ஊரில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிறுவர் பஞ்சாயத்துத் தலைவியாக இருந்தாள். ஓட்டுச் சீட்டுப் போட்டு, முறையாக ஜெயித்தவள். அவள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இறங்கி ஏறிவிடலாம். நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், குறுக்கே போட்ட இரண்டு பனந்தடிகளின் மேல் நடக்க வேண்டும். முந்தைய வருடம் ஒரு சிறுவன் வழுக்கி விழுந்து, யாரோ முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்கள். அதிலிருந்து அவள் அம்மா, இந்த வருடம் தண்ணீர் வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். அக்காக்காரியும் அப்படித்தான் ஒரு போகத்துக்கு என்று நின்றவள். பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டாள். தண்ணீர் வருவதற்குள் பாலம் வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு கோரிக்கையே இல்லை.

எங்கள் சிறுவர் பஞ்சாயத்தில் ஒரு விதி இருந்தது. தீர்மானத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். எல்லோருக்கும் புரிந்தபிறகுதான் கையெழுத்து. சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் பிள்ளைகள் பேசலாம் என்று ஊராட்சித் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தேன். கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயை வாங்கிக்கொண்டு பெரியவர்கள் பாதிப்பேர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஊராட்சி கிளார்க் ஒரு முறை தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இத்தனை பேர் கையெழுத்து இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்று கணக்கு உண்டு, அதற்கு ஆள் போதவில்லை.

முதலில் அவள்தான் எழுந்தாள். கையில் தாள்கூட இல்லை.

"வாய்க்கால்ல எங்களுக்கு ஒரு பாலம் வேணும் ஐயா. தண்ணி வந்துட்டா எங்கள பள்ளிக்கூடத்துக்கு விட மாட்டேங்குறாக" என்றாள்.

"நல்லாப் பேசுது புள்ள. வாய்க்கால்ல பாலம்னு குறிச்சுக்கய்யா" என்று தலைவர் கிளார்க்கிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் எங்கள் பிள்ளைகள் சொன்னதைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்.

அப்புறம் கிளார்க் நோட்டைப் பிள்ளைகள் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் அதுதான் நடைமுறை. முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஒண்ணுமே எழுதலையே."

"நான் வீட்டுல போயி எழுதிக்கிருவேன் பாப்பா. ஊரே அப்படித்தான் போடுது" என்றார் கிளார்க்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். எனக்குப் பன்னிரண்டு மணிக்கு இன்னோர் ஊரில் கூட்டம். வெயிலில் நின்று மண்டை வலித்தது. ஆனால் வலியை மட்டும் சாக்குச் சொல்ல முடியாது. கிராம சபை நோட்டில் பிள்ளைகளின் கையெழுத்து என்றால் ஆபீசில் எனக்கு எவ்வளவு நல்ல பேர் கிடைக்கும் என்றும் அந்த நேரத்தில் நினைத்தேன்.

"போடும்மா, ஒண்ணும் ஆகாது" என்றேன். தலைவி போட்டதும் மற்ற பிள்ளைகளும் வரிசையாக வந்து போட்டார்கள்.

மூன்றே வாரத்தில் ஜல்லியும் மணலும் வந்து இறங்கின. ஆபீசில் எனக்குக் கைகுலுக்கினார்கள். போட்டோ எடுக்கலாம் என்று போனபோதுதான் பார்த்தேன். பனந்தடி கிடந்த இடத்தில் அவை இறங்கவில்லை. தெற்கே வெகுதூரம் தள்ளி, கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் கடக்கிற இடத்தில் குவிந்து கிடந்தன. அவள் வீட்டிலிருந்து அந்த வழியாகச் சுற்றிப் பள்ளிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனியே கரும்புக் காட்டுக்குள் நடக்க வேண்டும். எந்தத் தாய் விடுவாள்?

எந்த இடத்தில் பாலம் என்று நாங்கள் யாருமே சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்து வாய்க்காலைக் கடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், தனியாகச் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது? நான் டவுனில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள். வாய்க்கால் என்றால் எனக்கு ஒரே வாய்க்கால். கிளார்க்குக்கு அப்படி இல்லை. வீட்டில் உட்கார்ந்து, டிராக்டர் கடக்கிற இடத்தை எழுதிக்கொண்டார். அதன் கீழே பாதிக்கு மேல் எங்கள் பிள்ளைகளின் கையெழுத்து.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், பதினெட்டு வயதாகாத பிள்ளைகளின் கையெழுத்து செல்லாது என்று சண்டை போட்டேன். அங்கே இருந்த அதிகாரி கோபப்படவே இல்லை.

"செல்லாதுன்னு எழுதுனா கூட்டமே செல்லாது மேடம். அந்தப் பாலமும் போயிரும். புள்ளைகளக் கூட்டியாந்தது யாருன்னு முதல்ல உங்களத்தான் கேப்பாக. எழுதவா?"

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தண்ணீர் திறந்து இரண்டாவது வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட நேரத்தில் அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இவதான எந்திரிச்சுக் கேட்டா? கையெழுத்தும் இவளே போட்டுருக்காளாம். கேட்டதக் கட்டிக் குடுத்துட்டாக. இனி நாங்க யார்ட்டப் போயி என்னன்னு சொல்ல?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போடச் சொன்னது நான்தான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். ஆனால் "அடுத்த கிராம சபையில திரும்பப் பேசுவோம்" என்றேன்.

எப்போது, யார் வருவார்கள், எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று என்னைத் துளைத்தெடுக்கிறவள் அவள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. "சரிக்கா" என்றாள், பெரியவர்களிடம் சொல்வதுபோல.

அந்தப் போகம் முடிந்து வாய்க்கால் காய்ந்தபிறகும் அவள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அப்பாவிடம் அவளும் எதுவும் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் நான் என்பது இன்றுவரை அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.