டப்பா டீச்சரும் யாரும் அழுத்தாத பொத்தானும்

மாலைக் கல்லூரியில் என் அத்தைக்கு டப்பா டீச்சர் என்று பெயர். வைத்தது மாணவர்கள். பரப்பியது யார் என்பது இங்கே தேவையில்லை.

அத்தை நடத்துவது ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற கணினிப் பாடம். அதில் மோனாட் என்று தலை சுற்றவைக்கும் ஒன்று வரும். அது வருகிற அன்று வகுப்பில் பாதிப் பேருக்குத் திடீரென்று போன் வரும். அதனால் அத்தை சமையலறையிலிருந்து ஒரு பிஸ்கெட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவார்.

"உள்ள ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திறந்து பாக்காதீங்க. 'இருந்தா இதைச் செய்'னு டப்பாகிட்டயே சொல்லிடுங்க. இருந்தா செஞ்சு, மறுபடி டப்பாவுல போட்டுத் தரும். காலின்னா காலி டப்பாவே வரும். யாரும் தலையில அடிச்சுக்க வேண்டாம்."

ஒருநாள் உள்ளே ரப்பர் பல்லி இருந்தது. முன்வரிசை நர்ஸ் திறந்து பார்த்துவிட்டு பெஞ்சு மேல் ஏறிவிட்டார். அத்தை அசையவில்லை. "இதனாலதான் திறக்காதீங்கன்னேன்" என்றார்.

மொழித் தத்துவம் என்ற இன்னொரு பாடம் அவர் தலையில் விழுந்தது பிறகு. அதை நடத்திய வாத்தியார் ஓய்வு பெற்றதும், "ரெண்டும் யோசிக்கிற பாடம்தானே மேடம்" என்று முதல்வர் அதையும் தள்ளிவிட்டார். குட்டக் குட்டக் குனிகிற தலை என்று தெரிந்துபோயிற்று. பகலில் ஒரு பள்ளியில் கணக்கு, மாலையில் இவை இரண்டும். தொண்டை உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுச் சாவி அவரிடம் இருப்பதால் நான் கடைசி பெஞ்சில் காத்திருப்பேன். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவார். நான் அசைவதில்லை. அசைய இடமில்லை, அவ்வளவுதான்.

முதல் மணிநேரத்தில் சொல்வார்: "எழுதி வச்சது செஞ்சதாகாது. 'கதவைத் திற'ன்னு எழுதினா கதவு திறக்காது. யாராவது பொத்தானை அழுத்தி அதை ரன் பண்ணணும்." அடுத்த மணிநேரம் தத்துவம்: "சில பேச்சு வெறும் பேச்சில்ல. 'வாக்குக் குடுக்கறேன்'னு சொன்னா, சொன்னதே குடுத்ததுதான்."

வகுப்பில் படிக்கிற மருந்துக்கடைக்காரர் கை தூக்கினார். "டீச்சர், மணிக்கொரு பேச்சு பேசறீங்களே!"

"ரெண்டும் நிஜம்தான். எது எங்கன்னு தெரியணும். அதுக்குத்தான் ரெண்டு பாடம்."

இப்படியிருக்க முதல்வர் ஒரு குண்டு போட்டார். அடுத்த பருவத்துக்கு எட்டுப் பேராவது வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியின் இணையதளத்தில் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவாராம். "மூடட்டும், நிம்மதியா தூங்கலாம்" என்று அத்தையின் வாய் சொன்னது. கை என்னவோ அடுத்த பருவத்துப் பாடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தார். கடைசிப் பயிற்சியே அதுதான்: அடுத்த பருவத்துக்கு உங்களைக் கல்லூரி இணையதளத்தில் சேர்க்கும் புரோகிராமை எழுதுங்கள். பெயரைக் கொடு, இடம் இருந்தால் பிடி, பிடித்ததும் உறுதிசெய். வகுப்பே குனிந்து எழுதியது. ஒருவர் திரையிலும் பிழை காட்டும் சிவப்பு வரி இல்லை.

"டீச்சர், சேர்ந்துட்டேன்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நானும்!" என்றார் நர்ஸ். பின்வரிசை கைதட்டியது. அத்தை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை அலுவலக கிளார்க் கூப்பிட்டார். "மேடம், ஒருத்தர்கூட சேரலையே."

அத்தை எல்லாருடைய பயிற்சியையும் திறந்து பார்த்தார். ஒரு பிழை இல்லை. ஒருவரும் ரன் பண்ணவும் இல்லை. 'சேர்ந்துட்டேன்' என்று சொன்னதோடு சேர்ந்தாகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள். முதல் மணிநேரத்தில் இரண்டாம் மணிநேரத்துப் பாடம்.

"நீங்களாவது அழுத்தச் சொல்லியிருக்கலாமே அத்தை?"

"தோணவே இல்லடி. எழுதினது அவ்வளவு அழகா இருந்துச்சு."

கிளார்க் நல்ல மனிதர். திங்கள் மதியம் வரை நேரில் வந்தால் சேர்த்துக்கொள்ள முதல்வரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கூப்பிடணும்" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "ஒவ்வொருத்தரா கூப்பிடணும்."

"இது எந்த மணிநேரத்துப் பாடம் அத்தை?"

முறைத்தார். பிறகு அந்த உப்புத்தாள் தொண்டையோடு ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்.

திங்கள்கிழமை பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு கல்லூரிக்கு வந்தவர், ஆசிரியர் அறை மேசையில் தலை சாய்த்தார். தூங்கிவிட்டார். நான் அலுவலக வாசலில் நின்றேன். நர்ஸ் சீருடையோடு வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதி இறக்கிவிட்டு ஓடிவந்து, "நான் அன்னிக்கே சேர்ந்தவன் சார்!" என்று கிளார்க்கிடம் சண்டை போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டாவது ஆள் மதிய மணி அடிக்கும்போது படியேறிக்கொண்டிருந்தார். கிளார்க் கடிகாரத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

அத்தையை எழுப்ப மனம் வரவில்லை. கிளார்க் மேசையிலிருந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்து, அத்தை பையிலிருந்த டப்பாவில் போட்டு, அவர் கையருகே வைத்தேன். சத்தத்தில் விழித்துக்கொண்டார்.

"என்ன, பல்லியா?"

"ரிசல்ட். திறந்து பாருங்க."

அத்தை திறக்கவில்லை. ஆசிரியர் புத்தி எங்கே போகும்? "வேணாம். உள்ள இருந்தா, போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா. காலின்னா பேசாம பையை எடு, வீட்டுக்குப் போகலாம்."

நான் டீ வாங்கக் கிளம்பினேன்.

"அடக்கடவுளே, இன்னொரு பருவமா!" என்ற முனகல் பின்னாலிருந்து வந்தது. கதவருகே போகும்போது பிஸ்கெட் கடிக்கிற சத்தமும் கேட்டது.