ஜெயபாலனின் இடது சிறுநீரகம்

"சிங்கப்பூர்ல வேலை செய்யறவனுக்கு மொதல்ல மூத்திரத்த அடக்கத் தெரியணும் லா. இத்தன வருசமா பாலம் தாண்டறேன், இமிகிரேசன் கட்டடத்துல டாய்லெட் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் ஸ்கூடாய் ஊரின் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஜெயபாலன் வெளியிட்ட பிரகடனம் இது. மேசையில் இருந்தவர்கள் உரிய மரியாதையோடு தலையாட்டினார்கள். விடியுமுன் எல்லைக் குடிநுழைவுச் சாவடியில் மோட்டார் சைக்கிள்கள் புகை கக்கி ஊர்கிற வரிசையில், இறங்கினால் இடம் போச்சு. ஆகவே தண்ணீரை அவர் பகையாளியாகவே நடத்தினார். காலையில் ஒரு மடக்கு கோப்பி. பிறகு தொழிற்சாலையில் மதியச் சோற்றுக்குத்தான் தொண்டை நனையும். மாலை வரிசைக்கு மறுபடியும் விரதம்.

ஒருநாள் இடது விலாவுக்குக் கீழே கிளம்பிய வலி, மாவீரரைத் தரையில் சுருட்டிப் போட்டது. மனைவி சந்திரமதி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சிறுநீர்க் குழாயில் கல் மாட்டியிருந்தது. வெளியேற வழியில்லாத நீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கியிருந்தது. கல்லை எடுக்க நாள் கொடுத்தார்கள்.

அந்த நாள் வருமுன் வலி நின்றுவிட்டது. பெருமை முழுவதும் அவர் குடித்துவந்த வாழைத்தண்டுச் சாற்றுக்குப் போனது.

"எதுக்கும் ஒருவாட்டி காட்டிட்டு வந்துருவோமே," என்றார் சந்திரமதி.

"வலியே இல்லாதவனுக்கு என்னத்த பாப்பாங்க? கல்லு எப்பவோ போயிருச்சு."

சில மாதம் கழித்து, பல் கிட்டும் நடுக்கக் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் செருகிச் சீழை வடித்தார்கள். காய்ச்சல் இறங்கியதும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க இன்னொரு ஸ்கேன். அதன் முடிவோடு டாக்டர் லோஷினி கட்டிலருகே வந்து நின்றார்.

"கல்லு அங்கேயேதான் இருக்கு அங்கிள். வலிதான் போச்சு. அடைச்சே கெடந்து கெடந்து இடது கிட்னி செத்துப் போச்சு. எடுத்துரணும்."

"அன்னிக்கே வந்திருந்தா?" என்று கேட்டார் ஜெயபாலன்.

லோஷினிக்கு நல்ல பொய் சொல்ல இன்னும் வயதாகவில்லை. "காப்பாத்தியிருக்கலாம்," என்றார். "வலது பக்கமும் சின்னதா ஒரு கல்லு இருக்கு. இனிமே உங்களுக்கு அந்தக் கிட்னி ஒண்ணுதான். நெறைய தண்ணி குடிங்க. வந்தா அடக்காதீங்க."

சந்திரமதி போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஜெயபாலனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த உதவியும் கிடைக்கவில்லை.

அறுவை முடிந்து, காயம் ஆறி, வேலைக்குத் திரும்பிய முதல் காலை. சந்திரமதி கொடுத்த தண்ணீர்ப் போத்தல் பாதி வழியிலேயே காலி. சாவடி வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. ஜெயபாலன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். அவர் விட்ட இடத்தில் உடனே இன்னொரு வண்டி புகுந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கே நின்ற காவலரிடம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.