ஆளாளுக்குத் தடவிய எண்ணெய்

என் கல்யாணப் பட்டில் இன்றைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசம் அடிக்கும். எல்லாம் வீட்டுக்காரரின் கிரிக்கெட் மட்டையால் வந்தது. போர்ட் பிளேரில், டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்த காலம். அங்கே எங்கள் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு ராப்பகலாக எரியும். அணைத்தால் போச்சு, பட்டுப்புடவை, சர்டிபிகேட் என்று ஒன்று விடாமல் பூஞ்சை பிடித்துவிடும். அந்தப் பல்பு வெளிச்சத்தில், என் புடவைகளை உரசிக்கொண்டு நின்றது மட்டை. சக்களத்தி என்றுதான் அதைச் சொல்வேன்.

அதற்கு முன்பு அவருக்குச் சொந்த மட்டை கிடையாது. ஆபீஸ் டீமில் வருஷா வருஷம் ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த மனுஷன். கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு மாற்றல் வரப்போகிறது என்று தெரிந்ததும் கேப்டன் மனம் இரங்கி, "இந்த வாட்டி டோர்னமெண்ட்ல நீங்கதான் ஓப்பனிங்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மீரட்டில் கையால் செதுக்கிய மட்டை ஒன்றைச் சொல்லிவைத்து, சென்னைக் கப்பலில் தெரிந்தவர் மூலம் வரவழைத்தார். கப்பல்துறையிலிருந்து அதை அவர் ஏந்தி வந்த தினுசு இருக்கிறதே, எங்கள் பிள்ளையைக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து அப்படி ஏந்தி வரவில்லை.

புது மட்டையை எடுத்தவுடனே ஆட முடியாதாம். அபர்டீன் பஜார் பெயிண்ட் கடையில், "காய்ச்சினது வேணாம் பாய், பச்சை எண்ணெய்தான் வேணும்" என்று கேட்டு வாங்கி வந்தார். துணியில் தொட்டு லேசாகத் தடவி, படுக்கவைத்து ஊற விட வேண்டும். பிறகு கொட்டாப்புளியால் தட்டித் தட்டி மரத்தை இறுக்க வேண்டும், விளிம்பில் மட்டும் பதமாக. மழைக்காலம் பூராவும் பால்கனியில் டொக் டொக்.

"குக்கர் விசில்கூட காதுல விழல. கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

"கேப்டன் வாக்கு குடுத்திருக்காரும்மா" என்பார், கை நிற்காமல்.

அந்த நேரம் பார்த்து மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று மெயின்லேண்டு போக வேண்டி வந்தது. கப்பல் ஏறுகிறவர்கள் வீட்டுச் சாவியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் குடியிருப்பில் வழக்கம். ஜன்னலைத் திறந்து காற்றாட விடவும், பல்பு எரிகிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டுமே. கீழ்வீட்டு வங்காளிக்காரர், அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோருக்கும் தாதா, அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்து, மட்டைக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார் இவர். என்னிடம் மூச்சு விடவில்லை. யாரிடமும் சொல்ல மறந்திருப்பார், இவரை நம்ப முடியுமா என்று, நான் மாடிவீட்டுத் தெலுங்கு அக்காவிடம் இன்னொரு சாவியைக் கொடுத்து அதையேதான் சொல்லியிருந்தேன். அது இவருக்குத் தெரியாது.

திரும்பி வந்து பீரோவைத் திறந்தோம். குப்பென்று எண்ணெய் வாசம். மட்டையைத் தூக்கிய இவர் முகம் செத்துப்போனது.

"என்னம்மா இது, உலக்கையாட்டம் கனக்குது?"

அதற்குள் தாதா வந்துவிட்டார், பெருமை பொங்க. "ரோஜ் லகாயா, பாபி! ஏக் தின் பி மிஸ் நஹி கியா!" தினமும் தடவினாராம், ஒருநாள் தவறாமல். படியிறங்கி வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "மைனே பி தோ ரோஜ் லகாயா…" என்றாள், தானும்தான் தினமும் தடவினாளாம். காலையில் அவர், மத்தியானம் அவள். மரம் அத்தனை எண்ணெயையும், தீவின் ஈரக்காற்றையும் சேர்த்துக் குடித்துத் தீர்த்திருக்கிறது.

இவர் கத்துவார் என்று பார்த்தேன். துணியை எடுத்து மட்டையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. எத்தனை வருஷத்து ஆசை! வெயிலில் வைத்தால் வெடித்துவிடும் என்பதால் டேபிள் ஃபேனுக்கு எதிரே நிறுத்திவைத்தோம். தட்டினால் எண்ணெய் இறங்கும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, தாதாவும் அக்காவும் முறைவைத்துக் கொட்டாப்புளியும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். மேட்ச் நாள் வரைக்கும் எங்கள் பால்கனி தச்சுப் பட்டறைதான். கனம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

மைதானத்தில் கேப்டன் தன்னுடைய மட்டையை நீட்டினார். இவர் எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே தாதாவும் அக்காவும் பக்கோடா டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். "பரவால்ல, இதுலயே ஆடுறேன்" என்று உலக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என்ன மனுஷன் இவர் என்று பல்லைக் கடித்தேன்.

பந்து பட்டால் சத்தமே இல்லை, தொப்பென்று விழுந்தது. கடைசியில் பலம் கொண்ட மட்டும் ஒரு அடி. பந்து உயரப் போனது, நாங்கள் எழுந்தே நின்றுவிட்டோம். கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றவன் கையில் போய் உட்கார்ந்தது. தாதா தலையில் கைவைத்து, "மேரா தேல்!" என்றார், எல்லாம் தன் எண்ணெயால் வந்த வினை என்று. இல்லை, என் எண்ணெய்தான் என்று அக்கா சண்டைக்குப் போனாள். வேர்க்க விறுவிறுக்க வந்த இவர் அந்தச் சண்டையைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாற்றல் திருச்சிக்கு வந்தது. இந்த ஊர்க் காற்றில் மட்டை சுக்காகக் காய்ந்து லேசாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்தால் டக்கென்று பறக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது எண்ணெய்ப் புட்டியும் துணியுமாக வாசலில் நின்றார்.

"யார்கிட்டம்மா சொல்லிட்டுப் போறது?"

எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மட்டையையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ரயில் ஏறினோம்.